மனசுப் படிப்பு

ஷாகுல் ஹமீதின் இளைய மகன் மனசு டாக்டருக்குப் படித்தான் என்று தாராவியில் இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். படித்துவிட்டு, கூடப் பிறந்த அண்ணனை மழையில் போட்டுச் சாகவிட்டான் என்றும் அவர்களே சொல்லுகிறார்கள். மூத்தவன் ஜஹாங்கீர் மழைக்காலத்தில் மௌத்தானது உண்மை. மற்றதை நான் சொல்லுகிறேன். ஷாகுல் ஹமீது என் தங்கை சபுராவின் கணவர். அவர்களுடைய தோல் ஷாப்புக்கு அடுத்த சந்தில் நான் குடியிருந்தேன். சாயங்காலம் மஃரிப் தொழுதுவிட்டு அவர்கள் வீட்டில்தான் சாயா குடிப்பேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி எங்களைவிட ஊருக்கு அதிகம் தெரிந்திருக்க நியாயமில்லை.

மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு வந்து தோல் தொழிலில் கால் ஊன்றிய வீடுகளில் அதுவும் ஒன்று. மாஹிம் உப்பங்கழியை ஒட்டிப் பெரிய முற்றம். ஒரு பக்கம் ஓடு போட்ட வீடு. எதிர்ப்பக்கம் தகரக் கொட்டகை. பாந்த்ரா கசாப்புக் கூடத்திலிருந்து ஆட்டுத் தோல் வண்டியில் வந்து இறங்கும். உப்புப் போட்டு அடுக்குவார்கள். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் வழிப்பார்கள். பிறகு மரக்கட்டையின் மேல் கவிழ்த்துப் போட்டு, இரண்டு கைப்பிடி வைத்த வளைந்த கத்தியால் சவ்வு சீவுவார்கள். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாட்கணக்கில் ஏற்றி இறக்கினால்தான் தோல் தோலாகும். மழை வந்துவிட்டால் கயிற்றில் காயப்போட முடியாது, வேலை படுத்துவிடும். வாடை மட்டும் படுக்காது. அந்த வாடையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வாடையாகவே தெரியாது. வெளியே போகும்போதுதான் மற்றவர்களின் மூக்கு அதைச் சொல்லும்.

பதனிட்ட தோலைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஜஹாங்கீர் வேலை. நல்ல வாட்டசாட்டமான பையன். வண்டிமாட்டை அதட்டினால் சந்து முழுக்கக் கேட்கும். நாற்பத்து நாலாம் வருஷம் ஏப்ரலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது அவன் ஒரு கிட்டங்கிக்குள் தோலை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற இரண்டு கூலிகள் அடியில் போனார்கள். மறுநாள் பிற்பகல் அஸர் நேரத்தில் இவன் நடந்தே வந்து சேர்ந்தான். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. உடம்பில் ஒரு கீறல் இல்லை. சபுரா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவன் வீட்டு வாசற்படியில் ஒரு காலை வைத்தான். நிமிர்ந்து ஓட்டுக் கூரையைப் பார்த்தான். காலை எடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் எந்தக் கூரையின் கீழும் வரவில்லை. பேச்சும் அன்றோடு நின்றது. முற்றத்து நடுவில் கொட்டிக் கிடக்கும் ஆவாரம்பட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டான். அங்கேயே தின்றான், அங்கேயே படுத்தான். நான்கு கம்பு நட்டு மேலே ஓலை போட்டுப் பார்த்தோம். கம்பைப் பிடுங்கி எறிந்தான். கோணிச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டால் மட்டும் மறுக்கவில்லை. அவன் பெண்டாட்டி ரஷீதா, கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண், மழை நேரத்தில் நனைந்த சாக்கை எடுத்துவிட்டுக் காய்ந்த சாக்கைப் போடுவாள். எடுப்பாள், போடுவாள். அதுதான் அவள் செய்த குடித்தனம்.

மாஹிம் தர்காவில் ஓதிப் பார்த்தோம். தண்ணீர் ஓதிக் கொண்டுவந்து கொடுத்தோம். தாயத்துக் கட்டினோம். சபுரா ஒரு நாள் அண்ணனான என்னிடம் சொன்னாள்:

“காக்கா, ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போனா என்ன? அங்க மணல்லதான எல்லாரும் கெடக்காவ. கூரையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.”

ஷாகுல் ஹமீது சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார்.

“ஏர்வாடியா? நம்ம ஜில்லாக்காரன் பூரா அங்கதான் வந்து போறான். ஷாகுல் ஹமீது மவன் காலுல சங்கிலியோட கெடந்தான்னு நாளைக்கு மேலப்பாளையத்துல பேச்சு வரும். எம் மையித்துக்குப் பெறகு கொண்டுபோ.”

நானும் அதையேதான் நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் சங்கிலியில் கிடந்ததில்லை.

இளையவன் மன்சூர் அலி அப்போது இன்டர் பரீட்சை எழுதி முடித்திருந்தான். தோல் ஷாப்புப் பிள்ளைகளில் காலேஜ் வாசல் மிதித்தவன் அவன் ஒருவன்தான். ஜூன் மாதம் பாஸ் என்று தெரிந்ததும் ஷாகுல் ஹமீது கேட்டார்:

“அடுத்து என்னலே படிக்கப் போற?”

“பி.ஏ. வாப்பா. ஆனர்ஸுக்கு சைக்காலஜி எடுக்கலாம்னு இருக்கேன்.”

“அப்பிடின்னா?”

“மனசைப் பத்தின படிப்பு வாப்பா.”

ஷாகுல் ஹமீது முற்றத்தைப் பார்த்தார். மூத்தவன் பட்டைக் குவியலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களா மச்சான்? மனசைப் பத்தின படிப்பாம். நம்ம வீட்டுலயே இருந்திருக்கு வழி.”

அன்று இரவு இஷாத் தொழுகைக்குள் பள்ளிவாசலில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உடம்புக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிற மாதிரி மனசுக்குப் பார்க்கிற டாக்டர். இரண்டு வருஷப் படிப்பு. மன்சூர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஜூன் மாதத்தில் அவனே அப்படித்தான் நம்பியிருப்பான் என்று நினைக்கிறேன்.

தினமும் விடியலில் குழாயடியில் நின்று உடம்பைத் தேய் தேய் என்று தேய்ப்பான். அத்தர் போட்டுக்கொள்வான். பிறகு மாஹிம் ஸ்டேஷனுக்கு ஓடுவான். அத்தரும் தோல் வாடையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்கு யார் சொல்லுவது? ஒரு நாள் அவனே என்னிடம் சொன்னான், சிரித்துக்கொண்டே:

“மாமா, எங்க கிளாஸ்ல பெஞ்சுக்கு நாலு பேரு. எம் பெஞ்சுல நான் மட்டும். நல்லா காலை நீட்டி உக்காந்துக்கிடுதேன்.”

“எவன்லே அவன் உம் பக்கத்துல உக்கார மாட்டேன்னவன்?”

“யாரும் சொல்லல மாமா. உக்காரல. அவ்வளவுதான்.”

அந்தப் படிப்பில் பரிசோதனை என்று ஒன்று உண்டாம். தோலை, ரத்தத்தை வைத்து அல்ல. ஒருவன் கேட்பான், இன்னொருவன் பதில் சொல்லுவான். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மாட்டுங்காவில் இருந்து வந்த சுந்தரராமன் என்ற பிராமணப் பையன் மட்டும் இவனோடு சேர்ந்துகொண்டான். நல்ல பையன். ஆனால் அவர்கள் வீட்டுக்கு இவன் போனால் மாடிப்படியிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டு வருவான். உள்ளே வா என்று சொல்ல அந்தப் பையனுக்கு ஆசைதான். வீட்டில் பெரியவர்கள் இருந்தார்கள். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் அப்படித்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

வீட்டிலோ வேறு மாதிரி. மன்சூர் காலேஜிலிருந்து திரும்பி வந்து உள்ளே நுழைந்தால் சபுரா எழுந்து நிற்பாள். ஷாகுல் ஹமீது நாற்காலியிலிருந்து எழுந்து, ‘இங்க உக்காரு’ என்பார். சவ்வு சீவிக்கொண்டிருக்கும் பூதத்தான், கத்தியைக் கட்டையில் சாத்திவிட்டு நிமிர்வான். எங்கள் பக்கத்து ஆள் அவன்; ஷாப்பில் மூத்த வேலைக்காரன்; வாய் சும்மா இருக்காது.

“சின்ன மொதலாளி, எம் மனசையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. பொழுது சாஞ்சா அது தானா கள்ளுக்கடைப் பக்கம் இழுக்குது.”

“அது மனசு இல்ல பூதத்தான், காலு.”

“அப்ப காலுக்கு வேற டாக்டரா? அரே, படிப்புல இத்தன வகையா!”

ஜஹாங்கீருக்கு முதல் மழைக்காலம் காய்ச்சலோடு போனது. மழை விட்டபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன்சூர் காலேஜிலிருந்து இரண்டு முனையுள்ள ஒரு கருவி கொண்டுவந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வட்டம் போடுவார்களே, அந்தக் காம்பஸ் மாதிரி. ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இவன் கைமேல் தொடுவான். ஒரு முனை தொடுகிறதா, இரண்டு தொடுகிறதா என்று சொல்ல வேண்டும். பலரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டுமாம்.

“குத்தாதலே,” என்று சபுரா கையை இழுத்துக்கொண்டாள். “ரெண்டு. ஒண்ணு. ரெண்டு. ஏ, கூசுது, விடு.”

பூதத்தான் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினான். சுண்ணாம்பில் வெந்து வெந்து காய்ந்த கை. இரண்டு முனையையும் எட்டின மட்டும் விரித்து வைத்தான் மன்சூர்.

“ஒண்ணு,” என்றான் பூதத்தான்.

“நல்லாக் கவனிச்சுச் சொல்லும்.”

“ஒண்ணுதான். வைக்கவே இல்லன்னு சொல்ல வாய் வந்துச்சு, மரியாதைக்கு ஒண்ணுன்னேன்.”

எல்லாரும் சிரித்தோம். அந்த முற்றத்தில் சிரிப்புக் கேட்டு நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மன்சூர் எழுந்துபோய் அண்ணன் பக்கத்தில் பட்டைக் குவியலில் உட்கார்ந்தான். ஜஹாங்கீரின் முன்கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

“கண்ணை மூடிக்கிடுங்க காக்கா. ஒண்ணா, ரெண்டா?”

மறுபடி தொட்டான்.

“ஒண்ணா, ரெண்டா?”

ஜஹாங்கீர் கண்ணை மூடினான். உதடு இரண்டு தடவை அசைந்தது.

“ரெண்டு,” என்றான்.

சபுராவின் கையிலிருந்த சுளகு விழுந்து அரிசி சிதறியது. அது ரேஷன் அரிசி. பொறுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ரஷீதா வாசலில் நின்றபடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஷாகுல் ஹமீது வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தினார். மன்சூர் மட்டும் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். அவன் தொட்டது ஒரு முனையால்தான். நான் பார்த்தேன். அந்த நேரத்தில் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அன்றிலிருந்து அது வைத்தியமாகிவிட்டது. கருவியைக் காலேஜில் திருப்பிக் கொடுத்தபின் சபுரா இரண்டு தையல் ஊசியை ஒரு சிறு மரத்துண்டில் செருகிக் கொடுத்தாள். சாயங்காலம் தவறாமல் மன்சூர் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். ‘ஒண்ணா, ரெண்டா?’ ‘ரெண்டு.’ எப்படித் தொட்டாலும் ரெண்டு. வேறு வார்த்தை வரவில்லை. ஆனாலும் தாராவி முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஷாகுல் ஹமீது முன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். சோர் பஜாரில் ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டார். ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு அம்மாள், மூர்ச்சை போட்டு விழுகிற மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

“பரீட்சை முடியட்டும் அம்மா,” என்றான் மன்சூர்.

“முடியட்டும் ராசா. எத்தன பேருகிட்ட காட்டியாச்சு. உங்களுக்காகக் காத்திருக்க மாட்டமா?”

இரண்டாவது மழைக்காலத்தில் ஜஹாங்கீருக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு இழுக்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. பூதத்தானும் மூன்று ஆட்களும் அவனைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். அவன் தலையைச் சுவரில் மோதினான். காரை உதிர்ந்தது, பிறகு ரத்தம் வந்தது.

“விடுங்க! வெளியவே விடுங்க!” என்று ரஷீதா கத்தினாள். தூக்கி வந்தவர்களே தூக்கிக் கொண்டுபோய் மழையில் விட்டார்கள்.

மாட்டுங்காவிலிருந்து வந்த பார்ஸி டாக்டர் முற்றத்தில் குடைக்கடியில் நின்று நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். எப்படியோ இந்தத் தடவை பிழைத்துக்கொள்வான், இந்த நெஞ்சு இன்னொரு மழையைத் தாங்காது, அதற்குள் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்.

“அடுத்த மழைக்குள்ள தம்பி படிச்சு முடிச்சிருவான் டாக்டர்,” என்றார் ஷாகுல் ஹமீது.

டாக்டர் இவரைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

நாற்பத்தாறு பிப்ரவரியில் கப்பல்படைக்காரர்கள் கலகம் செய்து, பட்டணத்தில் துப்பாக்கி வெடித்தது. ஜஹாங்கீர் பட்டைக் குவியலைத் தோண்டி உள்ளே புதைந்துகொண்டான். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரம். மன்சூர் அரிக்கேன் விளக்கை வெளியே கொண்டுவந்து, அண்ணன் புதைந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான். நான் போய் நின்றேன். புஸ்தகத்தில் வெறும் கட்டமும் எண்ணும் கோடும். ஒரு பக்கத்தில் எலி படம் போட்டிருந்தது.

“இது என்னலே எலி?”

“எலி எப்படி வழி கண்டுபிடிக்குதுன்னு பாப்பாங்க மாமா.”

“ம்,” என்றேன். எலியில் ஆரம்பித்து மனிதனுக்கு வருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம், மழை இறங்கி நாலைந்து நாள் ஆனபின் முடிவு வந்தது. மன்சூர் பாஸ்; ஆனர்ஸ். ஷாகுல் ஹமீது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு விருந்து என்று சொல்லிவிட்டார். அரிசி கிடைக்காத காலம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தங்கள் ரேஷனில் மிச்சம் பிடித்து, துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். கொட்டகைக்குள் அடுப்பு மூட்டி நெய்ச்சோறும் கறி ஆணமும் ஆக்கினோம். தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. வாசலில் செருப்புக் குவிந்தது. ஆண்டாப் ஹில் அம்மாளும் மகளோடு வந்து முன் அறை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மாட்டுங்காவிலிருந்து சுந்தரராமன் வந்தான். எங்கள் வீட்டில் சாப்பிடமாட்டான் என்று தெரியும்; வாழைப்பழமும் பாலும் வைத்திருந்தோம். பழத்தை உரித்துக்கொண்டு பணிவாக நின்றான்.

“உக்காருங்க தம்பி,” என்றார் ஷாகுல் ஹமீது. “நீங்களும் மன்சூர் படிச்ச படிப்புதானே?”

“ஆமாம் மாமா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ப்ராக்டிகல் பண்ணினோம்.”

“ரொம்ப சந்தோஷம். நீங்க வைத்தியம் மாட்டுங்காவுலயே பாக்கப் போறீங்களா, வேற எங்கயாவதா?”

சுந்தரராமன் சிரித்தான். கேலி என்று நினைத்துவிட்டான்.

“வைத்தியமா? நன்னாருக்கு மாமா. எனக்கு ரேஷனிங் ஆபீஸ்ல க்ளார்க் உத்யோகம் ஆயிருக்கு. மன்சூரையும் அப்ளை பண்ணச் சொன்னேன். இந்தப் படிப்புக்கு வேற என்ன கிடைக்கும்? வாத்தியார் ஆகணும்னா மேல எம்.ஏ. பண்ணணும்.”

ஷாகுல் ஹமீது அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பையனுடைய சிரிப்பு மெல்ல நின்றது. என்ன தவறாகச் சொன்னோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தான், மன்சூரைப் பார்த்தான். பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “நான் வரேன் மாமா, மழை வலுக்கறது,” என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஷாகுல் ஹமீது எழுந்து உள்ளறைக்குப் போனார். நானும் மன்சூரும் பின்னால் போனோம்.

“அந்தப் பையன் சொல்றது நிசமா?”

“நிசம் வாப்பா.”

“உன்னால ஜஹாங்கீரைப் பாக்க முடியாதா?”

“முடியாது வாப்பா. இந்தப் படிப்புல அது இல்ல.”

“எப்பத் தெரியும்?”

“சேந்த மொத மாசமே.”

திரைச்சீலைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. ரஷீதா வெளியே வந்தாள். மாமனார் முன்னால் அவள் அதுவரை நின்று பேசியதில்லை. நான் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை.

“மொத மாசமே தெரியுமா?” என்றாள். “தம்பி, நான் ரெண்டு மழை சாக்கு மாத்துனேன். ஏர்வாடிக்குப் போயிருந்தா அவங்க மணல்ல கெடந்திருப்பாங்க. அங்க இப்படி மழையாவது இல்ல. படிச்சு முடிக்கட்டும், படிச்சு முடிக்கட்டும்னீங்க எல்லாரும். இப்ப ரயில்ல ஏத்தணும்னா ரயிலுக்கும் கூரை இருக்கு. கப்பல்ல போகணும்னா மழைக்குக் கப்பல் இல்ல. ஒரு நா எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்லா?”

மன்சூர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“சொல்லணும்னுதான் தெனமும் வருவேன் மைனி.”

“பெறகு?”

“நான் உள்ள வந்தா நீங்க எல்லாரும் எந்திரிச்சு நிப்பீங்க.”

“அதுக்கு?”

“காலேஜ்ல எம் பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டான் மைனி. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு ஆளும் எங்கூடப் பேச மாட்டான், சுந்தரராமன் தவிர. இங்க வந்தா வாப்பா நாக்காலியை விட்டு எந்திரிப்பாங்க. காக்கா ரெண்டுன்னு சொன்ன அன்னைக்கு நீங்க அழுதீங்க. அப்புறம் எப்படிச் சொல்ல?”

ரஷீதா அவனைப் பார்த்தாள். பிறகு காய்ந்த சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனாள்.

ஷாகுல் ஹமீது தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“சோறு ஆறுது மச்சான். வந்தவங்களை உக்கார வைங்க,” என்றார்.

அந்த மனிதர் அப்படித்தான். வீட்டுக்குள் என்ன இடிந்தாலும் வாசலில் நிற்பவனுக்கு அது தெரியக்கூடாது. அதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

எங்களில் விருந்துக்கு ஆளுக்கொரு தட்டுக் கிடையாது. சஹன் என்று ஒரு அகலமான தாம்பாளம். அதில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, நான்கு பேர் நான்கு பக்கமும் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைப்போம். நான்கு பேரும் கூடாமல் யாரும் தொடமாட்டோம். தரையில் நீளமாகச் சுப்ராத் துணி விரித்து, வரிசையாகச் சஹன் வைத்தோம். எங்கள் வீட்டுச் சஹன் எப்போதும் ஷாகுல் ஹமீது, நான், ஜஹாங்கீர், மன்சூர். ஜஹாங்கீர் வெளியே போனபின் அவன் இடத்தில் வந்தவர்களில் யாராவது உட்காருவார்கள். அவனுக்கு ஒரு கிண்ணத்தில் தனியாகப் போகும்.

நானும் ஷாகுல் ஹமீதும் உட்கார்ந்தோம். ஜமாஅத் தலைவர் நான்காவது இடத்துக்கு வந்து, ஒரு முழங்காலை மடக்கினார். மன்சூர் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

“உக்காருலே,” என்றேன்.

அவன் குனிந்தான். உட்காரவில்லை. சஹனை இரண்டு கையாலும் தூக்கினான். ஆவி பறக்கிற சோற்றோடு அதை ஏந்திக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே நடந்து, வாசலைத் தாண்டி மழையில் இறங்கினான்.

திறந்த வாசல் வழியாக எல்லாருக்கும் தெரிந்தது: பட்டைக் குவியலின் மேல் அவன் சஹனை வைத்தான். அண்ணனுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தான். விருந்துக்கென்று தைத்த வெள்ளை ஜிப்பா ஒரே நொடியில் உடம்போடு ஒட்டிக்கொண்டது. கருவி இல்லை, ஊசி இல்லை, அவன் ஒன்றும் கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஜஹாங்கீர் கை நீட்டவில்லை. பசி இல்லாமல் அல்ல. அவன் பார்வை தட்டின் காலியான இரண்டு பக்கத்துக்கும் போய்ப் போய் வந்தது.

எங்களுக்கு முன்னால் வெறும் துணி இருந்தது. ஜமாஅத் தலைவர் மடக்கிய முழங்காலை நீட்டவும் முடியாமல், எழவும் முடியாமல் இருந்தார். “வேற சஹன் கொண்டுவாங்கப்பா,” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

ஷாகுல் ஹமீது என்னைப் பார்த்தார். அவர் கண் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“மச்சான்,” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. “நம்ம சஹன் வெளிய போயிருக்கு. எந்திரிங்க.”

எழுந்தேன். இருவரும் வாசல் இறங்கினோம். மழை முகத்தில் அறைந்தது. ரஷீதா கொட்டகைச் சுவரோடு ஒதுங்கி, சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பட்டை ஊறி, உட்கார்ந்ததும் தொடை வரை குளிர் ஏறியது. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஷாகுல் ஹமீது உரக்க பிஸ்மில்லா சொன்னார். கறித் துண்டை எடுத்து மூத்தவன் பக்கம் தள்ளினார். இன்னொன்றை எடுத்து இளையவன் பக்கம் தள்ளினார். ஜஹாங்கீர் முதலில் கை வைத்தான். அவன் நெஞ்சு இழுக்கிற சத்தம் எனக்குப் பக்கத்தில் கேட்டது.

அவனை உள்ளே கொண்டுவர எங்களால் கடைசிவரை முடியவில்லை. அவன் அந்த மழைக்காலத்தைத் தாண்டவும் இல்லை. ஆனால் ஊர் சொல்கிற மாதிரி அவன் மழையில் தனியாகக் கிடந்தான் என்பது பொய். அன்று நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே நெய்ச்சோறு தண்ணீரில் மிதக்க ஆரம்பித்தது. நெய் தனியாக, சோறு தனியாக. எங்கள் குடும்பத்தில் சஹனில் மிச்சம் வைப்பதில்லை. நான்கு பேரும் அள்ளித் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.